ஃபோலிக் ஆசிட் மாத்திரை தெரியும். அதன் பின்னால் இருந்த எல்லாபிரகட சுப்பாராவைத் தெரியுமா?

கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை உங்க வீட்டிலும் பார்த்திருப்பீங்க. அதை ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவின் தலைவர், ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்த எல்லாபிரகட சுப்பாராவ்.

ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர் அவர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ் கிடைக்கலை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. பிறகு அமெரிக்கா போனவர், ஊர் திரும்பவே இல்லை.

சரி, ஸ்ப்ரூ வந்தால் ரத்தம் ஏன் குறையுது? நம் எலும்பு மஜ்ஜை நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குது. செல் இரண்டாகப் பிரிய புது டிஎன்ஏ வேணும். அதைத் தயாரிக்க ஃபோலிக் ஆசிட் வேணும். பழுதான குடல் அதை உறிஞ்சாவிட்டால், மஜ்ஜையில் செல்கள் பிரிய முடியாமல் பெருத்து நின்றுவிடும். 1945-ல், லெடர்லி ஆய்வகத்தில் சுப்பாராவ் குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது.

கதை அங்கே முடியலை. ரத்தப் புற்றுநோய் செல்கள் பெருகவும் இதே சத்துதான் தேவை. அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை அதே குழு தயாரித்துக் கொடுத்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த முடிவுகள் 1948 ஜூனில் வெளியாகின.

இரண்டே மாதத்தில், 53 வயதில் சுப்பாராவ் இறந்தார். அமினோப்டெரினின் வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் இருக்கு. அடுத்த முறை அந்தச் சின்ன மாத்திரையைப் பார்த்தால், அவரை நினைச்சுக்கோங்க.