திண்ணையில் படுத்தவர்களின் கட்சி



தலைவர்கள் வரலாறு என்றால் நமக்குத் தெரிந்த நாலைந்து பெயர்களையே திருப்பித் திருப்பி எழுதுகிறோம். இந்தத் தடவை ஆண்டு மலருக்காகக் கொஞ்சம் தூரம் போய் வந்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்றொரு நாடு. 1957 வரை அதற்குத் தங்கக் கரை என்று பெயர், பிரிட்டிஷ்காரர்களின் காலனி. அந்தக் காலனியை சுதந்திர நாடாக்கிய குவாமே நிக்ரூமாவின் கதைதான் இது. அவர் 1972-லேயே இறந்துவிட்டார். ஆனாலும் அவர் கட்சி வளர்ந்த கதையும் கெட்ட கதையும் இன்றைக்கும் நாம் படிக்க வேண்டியவை.

1909-ல் நிக்ரோஃபுல் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா தங்க வேலை செய்பவர். அம்மா சில்லறை வியாபாரம் செய்தவர். அந்த அம்மாவுக்கு இவர் ஒரே பிள்ளை. குவாமே என்பது அவர்கள் வழக்கப்படி சனிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர். நம்ம ஊரில் சனிக்கிழமை பிறந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அங்கே அதையே பெயராக வைத்துவிடுகிறார்கள்! பையன் படித்தே ஆகணும் என்று அம்மா பிடிவாதமாகப் பள்ளிக்கு அனுப்பினார். 1930-ல் ஆசிரியர் பயிற்சி முடித்து, சில வருஷம் வாத்தியார் வேலை பார்த்தார். 1935-ல் மேல்படிப்புக்காக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அங்கே அவருக்குப் பணம் அனுப்ப ஆள் கிடையாது. லிங்கன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தெருவில் மீன் விற்றார். சோப்புத் தொழிற்சாலையில் நாற்றம் பிடித்த கொழுப்பை அள்ளினார். கப்பல் கட்டும் தளத்திலும் வேலை செய்தார். சனி ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் நம்ம நண்பர்களுக்கு இது புதுசாகத் தெரியாது. பத்து வருஷம் இப்படியே ஓடியது. 1945-ல் லண்டன் வந்து சேர்ந்தார். அதே வருஷம் அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் நடந்த ஐந்தாவது அகில ஆப்பிரிக்க மாநாட்டை ஏற்பாடு செய்தவர்களில் அவரும் ஒருவர்.

இப்போது தங்கக் கரைக்கு வருவோம். 1947 ஆகஸ்டில் அங்கே தங்கக் கரை ஐக்கிய மாநாடு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், பெரிய வியாபாரிகள். அவர்களில் முக்கியமானவர் ஜே.பி. டான்குவா, லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய சட்ட மேதை. எல்லோரும் நல்லவர்கள்தான், நாட்டுப்பற்று உள்ளவர்கள்தான். ஆனால் ஆளுக்கொரு தொழில் இருந்ததால் ஊர் ஊராகச் சுற்ற நேரம் இல்லை. அதற்காக முழு நேரச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டார். லண்டனில் இருந்த நிக்ரூமாவைக் கூப்பிட்டார்கள். 1947 டிசம்பரில் அவர் ஊர் திரும்பினார்.

இரண்டு மாதத்தில் நாடே பற்றிக்கொண்டது. 1948 பிப்ரவரி 28 அன்று, உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டுத் திரும்பிய முன்னாள் சிப்பாய்கள் தலைநகர் அக்ராவில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கேட்டது பென்ஷனும் வேலையும். கவர்னர் மாளிகை நோக்கிப் போனவர்களைப் போலீஸ் சுட்டது. சார்ஜென்ட் அட்ஜெட்டி, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே என்ற மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். கலவரம் மற்ற ஊர்களுக்கும் பரவியது. அரசாங்கம் டான்குவா, நிக்ரூமா உட்பட ஆறு தலைவர்களைப் பிடித்து அடைத்தது. அந்த ஆறு பேரைத்தான் கானாவில் இன்றும் பெரிய அறுவர் என்கிறார்கள்.

வெளியே வந்த பிறகுதான் பிளவு ஆரம்பித்தது. பெரியவர்கள் சுயாட்சி கூடிய சீக்கிரம் வந்தால் போதும் என்றார்கள். நிக்ரூமா இப்போதே வேண்டும் என்றார். 1949 ஜூன் 12 அன்று அக்ராவில் பெருங்கூட்டத்தின் நடுவே புதுக் கட்சியை அறிவித்தார். அதுதான் கன்வென்ஷன் பீப்பிள்ஸ் பார்ட்டி, சுருக்கமாக சி.பி.பி.

அந்தக் கட்சியில் யார் சேர்ந்தார்கள் என்பதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள், குமாஸ்தாக்கள், லாரி டிரைவர்கள், ரயில்வே தொழிலாளிகள், சந்தையில் கடை போட்ட பெண்கள். சொந்தமாக அறை இல்லாமல் அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிய இளைஞர்கள் ஏராளம். மேட்டுக்குடியினர் அவர்களைத் திண்ணைப் பையன்கள் என்று கேலி பேசினார்கள். சி.பி.பி. தொண்டர்கள் அந்தக் கேலிப் பெயரையே பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள். வேனில் ஒலிபெருக்கி கட்டிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். சிவப்புச் சேவல் கட்சிச் சின்னம். படிக்கத் தெரியாதவருக்கும் சேவல் தெரியுமே!

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அம்மா கைநாட்டு. அப்பா பஸ் போர்டில் எண்ணைப் பார்த்துத்தான் ஏறுவார், ஊர்ப் பெயர் படிக்க வராது. ஆனால் ஊர்க் கூட்டத்தில் நியாயம் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. பாதிப் படிப்பு படித்தவன், டிப்ளமோதானே என்று நம்மை எத்தனை பேர் எத்தனை இடத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள்! அதனால்தான் திண்ணைப் பையன்கள் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றார்கள் என்று படித்தபோது எனக்கு யாரோ அந்நியரைப் பற்றிப் படிப்பதாகத் தோன்றவில்லை.

1950 ஜனவரியில் நிக்ரூமா, காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி வன்முறை இல்லாத வேலைநிறுத்தமும் பகிஷ்காரமும் அறிவித்தார். அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது. மொத்தம் மூன்று வருஷத் தண்டனை. உள்ளே இருந்துகொண்டு கழிப்பறைக் காகிதத்தில் எழுதி வெளியே ரகசியமாகச் செய்தி அனுப்பினார். வெளியே கட்சியைக் கட்டிக் காத்தவர் கோம்லா பெடெமா என்ற தோழர். சிறையிலிருந்து விடுதலையான தொண்டர்கள் பி.ஜி. என்று எழுதிய தொப்பி போட்டுக்கொண்டார்கள். பிரிசன் கிராஜுவேட், அதாவது சிறைப் பட்டதாரி! பட்டம் இல்லை என்று கேலி செய்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

1951 பிப்ரவரியில் தேர்தல். மக்கள் ஓட்டால் தேர்ந்தெடுக்கும் 38 இடங்களில் சி.பி.பி. 34 இடங்களைப் பிடித்தது. சிறைக்குள் இருந்தபடியே நிக்ரூமா அக்ராவில் நின்றார். விழுந்த 23,122 ஓட்டில் 22,780 அவருக்கே. நூற்றுக்கு 98! கவர்னர் ஆர்டன் கிளார்க் வேறு வழியில்லாமல் பிப்ரவரி 12 அன்று அவரை விடுதலை செய்து, அரசாங்கத்தை நடத்தக் கூப்பிட்டார். 1952-ல் அவர் பிரதமரானார். அந்த வருஷமே ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் ரத்தானது. குமாசி நகரில் தொழில்நுட்பக் கல்லூரி திறந்தது. அது இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்து அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம்மைப் போல டெக்னிக்கல் படிப்பவர்கள் இதைக் கவனிக்கணும்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அந்த நாட்டின் முக்கியப் பணப்பயிர் கோக்கோ. அதற்கு விவசாயிக்குத் தரும் விலையை அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்ததால் அசாந்தி பகுதியில் கோபம் கிளம்பியது. 1954-ல் அங்கே தேசிய விடுதலை இயக்கம் என்ற கட்சி பிறந்தது. 1956-ல் இன்னொரு தேர்தல் நடத்தித் தீர்த்தார்கள். 104 இடங்களில் சி.பி.பி.க்கு 71. 1957 மார்ச் 6 அன்று கானா சுதந்திரம் பெற்றது.

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் அது பாதி வரலாறுதான்.

1958-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி விசாரணையே இல்லாமல் ஒருவரை ஐந்து வருஷம் அடைத்து வைக்கலாம். 1961-ல் செகொண்டி, டக்கோராடி ஊர்களின் ரயில்வே, துறைமுகத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1950-ல் நிக்ரூமாவுக்குத் தோள் கொடுத்தவர்கள் அதே ஊர்த் தொழிலாளிகள்தான். இப்போது அவர்களின் தலைவர்கள் அந்தச் சட்டப்படி சிறைக்குப் போனார்கள். கட்சியைக் காத்த பெடெமா நாட்டை விட்டே போனார். ஒரு காலத்தில் நிக்ரூமாவோடு சேர்ந்து சிறைப்பட்ட டான்குவா, 1965-ல் நிக்ரூமாவின் சிறையிலேயே உயிரை விட்டார். 1964-ல் ஒரே கட்சிதான் இருக்கலாம் என்று பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். ஆதரவு நூற்றுக்கு 99-க்கு மேல் என்று அறிவித்தார்கள்.

நண்பர்களே, இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 1951-ல் 98, 1964-ல் 99. மார்க் ஒன்று கூடியிருக்கிறது! ஆனால் முதல் எண், இல்லை என்று சொல்ல உரிமை இருந்த மக்கள் கொடுத்தது. இரண்டாவது, அந்த உரிமை போன பிறகு வந்தது. அக்ரா மக்கள் சிறையில் இருந்தவரை மனசாரத் தேர்ந்தெடுத்தார்கள். 1966 பிப்ரவரி 24 அன்று, அவர் வெளிநாடு போயிருந்த சமயம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவருக்காகத் தெருவில் இறங்கப் பெருங்கூட்டம் எதுவும் இல்லை. ஜனங்கள் அவர் சிலையைக் கீழே தள்ளினார்கள். கினி நாட்டில் அடைக்கலம் புகுந்தவர், சொந்த மண்ணை மறுபடி பார்க்காமலே 1972 ஏப்ரல் 27 அன்று ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் புற்றுநோயால் இறந்தார்.

அவர் கெட்டவரா? எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. வோல்டா நதியில் அவர் கட்டிய அகோசொம்போ அணை இன்றும் மின்சாரம் தருகிறது. இலவசப் பள்ளியில் படித்து எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவாகியிருப்பார். ஆனால் திண்ணையில் படுத்தவர்களை வீட்டுக்குள் அழைத்து வந்த மனுஷர், பிறகு உள்ளே இருந்து எதிர்த்துப் பேசியவர்களுக்குக் கதவைச் சாத்தினார். அந்த நாள்தான் கட்சி செத்த நாள். ராணுவம் வந்தது அப்புறம்தான்.

நாளைக்கு நாமும் தொழிற்சங்கம், கட்சி, கூட்டுறவுச் சங்கம் என்று எங்கேயாவது போய்ச் சேருவோம். சில பேர் தலைவராகவும் வருவோம். அங்கே நம்மைப் போலத் திண்ணையில் நிற்பவனை உள்ளே கூப்பிடுவோம். கூப்பிட்டவன் நம்மையே எதிர்த்துக் கேள்வி கேட்டால், அவனுக்கும் ஒரு நாற்காலி போடுவோம்.