ஆல்டர்னேட்டரைக் கழற்றப் பயமா? ஜி.டி.நாயுடு கதையைப் படிங்க!

கடத்தூர்ல உங்க வீட்டு வாசல்ல நிக்கிற காரை ஸ்டார்ட் பண்றீங்க. சிவப்பு பேட்டரி லைட் அணையவே இல்லை. ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். வீடியோ பார்த்து நாமே மாத்தலாம்னு ஆசை. கை வைக்கப் பயம். அப்படின்னா ஜி.டி.நாயுடுவை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1893 மார்ச் 23-ம் தேதி, கோவை அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் ஒத்துவரலை, பாதியிலேயே நின்னுட்டார். ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காம ஓடுற வண்டி! அதை வாங்கியே தீரணும்னு கோவையில் ஹோட்டல் சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினதும் ஊர் சுத்தலை. மொத்தமா பிரிச்சுப் போட்டு, திரும்பப் பூட்டினார். அவருக்கு அதுதான் இன்ஜினீயரிங் காலேஜ்.

1920-ல் பொள்ளாச்சி - பழனி ரூட்டில் ஒரே ஒரு பஸ்ஸோட தொழிலைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமா வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டார்னு சொல்லப்படுறதைக் கோவையில் தயாரித்தார்.

1945-ல் தொழிற்கல்விக்கும் வழி செய்தார். செய்முறையா சொல்லிக்கொடுத்தா நாலு வருஷப் படிப்பைச் சீக்கிரமே முடிக்கலாம் என்பது அவர் வாதம். அரசு ஏத்துக்கலை. முதல்வர் பதவியையே விட்டுட்டு வெளியே வந்தார். பதவியைவிட, கையால் கத்துக்கிறது அவருக்குப் பெருசு. 1974 ஜனவரி 4-ம் தேதி மறைந்தார்.

இப்போ உங்க காருக்கு வருவோம். மோட்டாருக்குக் கரன்ட் கொடுத்தா சுத்தும்; ஆல்டர்னேட்டரைச் சுத்தினா கரன்ட் தரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

எடுத்ததும் ஸ்பேனரைத் தூக்காதீங்க. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வைங்க. பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வோல்ட் காட்டும். 12.5-க்குக் கீழே இறங்கிட்டே போனா சார்ஜ் ஏறலைன்னு அர்த்தம். இன்ஜினை நிறுத்திட்டு, பெல்ட் தளர்ந்திருக்கா, ஒயர் கழன்றிருக்கான்னு பாருங்க. மாத்தித்தான் ஆகணும்னா, இன்ஜின் ஆறினதும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதல்ல கழற்றுங்க. ஏன்னா, ஆல்டர்னேட்டரின் தடிமனான ஒயர் நேரா பேட்டரிக்குப் போகுது. ஸ்பேனர் தவறிப் பட்டா தீப்பொறி பறக்கும். பெல்ட் போற பாதையை போன்ல போட்டோ எடுங்க. போல்ட்டுகளைக் கழற்றின வரிசையிலேயே வைங்க. பூட்டும்போது நெகட்டிவ் ஒயர் கடைசி.

கோவைப் பக்கம் போனா அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தை எட்டிப் பாருங்க. பழைய கார்களைப் பார்த்துட்டு வந்தா, உங்க பானெட்டைத் திறக்கத் தைரியம் தானா வரும்!