குடியாத்தம் இடைத்தேர்தலும் பெரியாரும்: வேட்பாளராகாதவரின் வாக்குப் பரப்புரை

ஈரோட்டு வணிகக் குடும்பத்தில் 1879 செப்டம்பர் 17ஆம் நாள் பிறந்த ஈ.வெ. இராமசாமி, இளமையிலேயே தந்தையின் மண்டி வணிகத்தில் ஈடுபட்டார். பின்னர் ஈரோடு நகராட்சித் தலைவரானார். 1919இல் காங்கிரசில் இணைந்தபின் கதர்த் துணியைச் சுமந்து சென்று ஊர்தோறும் விற்றார். சிற்றூர் மக்களை நேரில் சந்தித்து வாதிடும் இம்முறை அவரது பொதுவாழ்வு முழுமைக்கும் அடிப்படையாயிற்று. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்திற்கு 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் இடம் மறுக்கப்பட்டமையால் அவர் காங்கிரசை விட்டு விலகினார்.

1944இல் சேலத்தில் உருவான திராவிடர் கழகம் தேர்தலில் போட்டியிடாத இயக்கமாகவே இயங்கியது. எனினும் பெரியார் தேர்தல்களைப் புறக்கணித்தாரல்லர். 1952 பொதுத்தேர்தலில் காங்கிரசை வீழ்த்தும் நோக்கில் பொதுவுடைமையரை ஆதரித்தார். ஈராண்டிற்குள் அந்நிலைப்பாடு மாறியது. அம்மாற்றத்தின் காரணத்தைக் கல்விச் சிக்கலில் காணலாம்.

முதலமைச்சர் இராசாசி 1953இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வழிசெய்தது. இதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டுப் பெரியார் எதிர்த்தார். 1954 சனவரியில் ஈரோட்டில் எதிர்ப்பு மாநாடு கூட்டினார். இராசாசி பதவி விலக, ஏப்ரல் 13இல் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அதனை அறிவித்த கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் கொங்குநாட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அப்போது காமராசர் சட்டமன்ற உறுப்பினரல்லர். மக்களவை உறுப்பினராக இருந்தார். இராசாசி மேலவை வழியாக ஆட்சிக்கு வந்தவர். காமராசரோ வடார்க்காடு மாவட்டத்தின் நெசவூரான குடியாத்தத்தில் இடைத்தேர்தலைச் சந்தித்தார். அவரை எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர். முப்பதாண்டுக்காலம் காங்கிரசை எதிர்த்த பெரியார், முன்னைய தேர்தலில் தாம் ஆதரித்த கட்சிக்கு எதிராகக் காங்கிரசு முதல்வருக்கு வாக்குக் கேட்டார். திராவிட முன்னேற்றக் கழகமும் காமராசரை ஆதரித்தது. காமராசர் வெற்றி பெற்றார்.

இதனைக் கொள்கை முரண் எனக் கொள்வது எளிது. ஆயின் 1925இல் விலகியமைக்கும் 1954இல் ஆதரித்தமைக்கும் அளவுகோல் ஒன்றே: ஒடுக்கப்பட்டோர்க்குக் கல்வியிலும் பதவியிலும் உரிய பங்கு கிடைக்கிறதா என்பது. கட்சி அவருக்குக் கருவி; தொழிலைப் பிறப்போடு பிணைக்கும் ஏற்பாட்டைத் தகர்ப்பதே இலக்கு. தமக்கென வாக்குக் கேளாமை, கட்சி மாற்றி ஆதரிக்கும் உரிமையை அவருக்கு அளித்தது. அதே நிலை, தாம் ஆதரித்த ஆட்சியை உள்ளிருந்து நெறிப்படுத்தும் வாய்ப்பையும் அவரிடமிருந்து விலக்கியது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

1967இல் அவர் ஆதரித்த காங்கிரசு தோற்றது. வெற்றி பெற்ற அண்ணா திருச்சிக்குச் சென்று அவரைக் கண்டார். பெரியார் புதிய ஆட்சிக்குத் துணைநின்றார். 1973 டிசம்பர் 24இல் மறையும்வரை அவர் சட்டமன்றத்திற்குப் போட்டியிடவில்லை; ஊர்ப்பயணத்தையும் நிறுத்தவில்லை.