கடல் கடந்து கற்ற மருத்துவம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா என்று பலர் சீறினர். எனினும் மன்னர் இசைவளித்தார். பின்னர் அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912இல் பட்டம் பெற்றார்.

1923இல் அவர்தம் அருமைத் தங்கை புற்றுநோயால் மாண்டார். தாம் மருத்துவராய் இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவேயில்லை.

1925இல், அரசின் உதவிபெற்று, பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உரிய மருத்துவத்தை மேலும் கற்க இங்கிலாந்து சென்றார். இலண்டன் மாநகரின் செல்சி மகளிர் மருத்துவமனையில் பயின்றார். ஆங்குப் பள்ளிச் சிறுவர்களை மருத்துவர் முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு 1907 முதலே சட்டத்தால் நிலைபெற்றிருந்தது. நோய் வந்தபின் மருந்து தேடுவதினும் வருமுன் காப்பதன்றோ அறிவுடைமை!

அந்நகரில் புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனையையும் அவர் கண்டார். அதன் வரலாறு கேட்கத்தக்கது. வில்லியம் மார்சுடன் என்னும் மருத்துவர் 1846இல் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1851இல் ஏழையர்க்காக அதனைத் தோற்றுவித்தார். தங்கையை இழந்த அம்மையார்க்கு அவ்விடம் எத்தகைய எண்ணத்தை எழுப்பியிருக்கும் என்பதை மாணவர்களே உய்த்துணர்க.

தாயகம் திரும்பியபின் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினரானார்; துணைத் தலைவராகவும் விளங்கினார். குழந்தைகட்குத் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளிப் பிள்ளைகட்கு மருத்துவச் சோதனை வேண்டும் என்று அவையில் வாதாடினார்.

புற்றுநோய் மருத்துவமனையோ எளிதில் கைகூடவில்லை. 1935இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அம்மையார் தம் விருப்பத்தை வெளியிட்டார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்று கருதியோர் பலர். திருவில்லிபுத்தூரிலோ இராசபாளையத்திலோ வாழும் ஓர் உழவர்க்குச் சென்னையே 500 கிலோமீட்டருக்கு அப்பாற்பட்டது. இலண்டனில் உள்ள மருத்துவம் அவர்க்கு எங்ஙனம் எட்டும்? ஆகவே அம்மையார் அயராது பொருள் திரட்டினார். தம் மைந்தர் கிருட்டிணமூர்த்தியையும் அயல்நாடு சென்று அத்துறை பயிலச் செய்தார்.

1952இல் பண்டித நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் திங்கள் 18ஆம் நாள், 12 படுக்கைகள் கொண்ட சிறு குடிலில் புற்றுநோய் நிலையம் பணி தொடங்கியது. தங்கை மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன. அம்மையார்க்கு அப்போது அகவை 67. அதன்பின் 14 ஆண்டுகள் அதன் வளர்ச்சியைக் கண்டு, 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.