தந்தை செல்வாவும் கிறிஸ்தவமும்

இந்து வாலிபர் சங்கத்தின் மலரிலே ஒரு கிறிஸ்தவரின் வரலாற்றை எழுதுவது பொருந்துமோ என்று பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். முதலில் நானும் ஐயுற்றேன். ஆயினும், விபூதி பூசிய நெற்றியோடு மிசன் பாடசாலையிற் காலைச் செபத்துக்கு எழுந்து நின்று வளர்ந்தவன் நான். வேதக்காரராக இருந்துகொண்டே, பெரும்பாலும் சைவர்களான எம்மவரை முப்பது ஆண்டுகள் வழிநடத்திய எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்களின் வாழ்வு என் மனத்தை நெடுநாளாக ஈர்த்து வந்துள்ளது.

அன்னார் 1898ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31ஆம் நாள் மலாயாவிலுள்ள ஈப்போவிற் பிறந்தார். நான்கு வயதளவில் தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து சேர்ந்தார். தெல்லிப்பழையோ 1816ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் வந்து பாடசாலை தொடங்கிய ஊர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலைத் தீர்த்தமும் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. வேதக்கார வீடும் சைவ வீடும் ஒரே வேலியைப் பங்கிட்டுக்கொண்டு, நன்மை தீமை இரண்டிலும் ஒன்றுக்கொன்று துணைநின்ற சூழல் அது. அச்சூழலிலேதான் அவர் வளர்ந்தார்.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு பரிதோமாவின் கல்லூரி என அவர் பயின்றவை யாவும் கிறிஸ்தவக் கல்லூரிகளே. விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியரானார். நோயுற்ற தம்பியைப் பார்க்கப்போக விடுமுறை மறுக்கப்பட்டபோது அந்த உத்தியோகத்தையே விட்டு விலகினார் என்பர். பின்னர் வேறொரு கல்லூரியிற் படிப்பித்துக்கொண்டே சட்டம் பயின்று அப்புக்காத்தானார். சிவில் வழக்குகளிற் பெரும் பெயர் ஈட்டினார். 1927இற் கிறிஸ்தவக் குடும்பத்திலேயே மணம் செய்துகொண்டார்.

மிசன்மார் மீது எம்மவர்க்கு ஐயம் இருந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக இருந்து பைபிளைத் தமிழாக்கிய நாவலர் பெருமானே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். கல்வியின் விலை சமயமாக இருத்தலாகாது என்ற எண்ணம் அக்காலந்தொட்டு யாழ்ப்பாணத்தில் வேரூன்றிற்று. அந்த நினைவு மாறாத மண்ணிலேதான் ஒரு வேதக்காரர் வாக்குக் கேட்க வந்தார்.

பரிதோமாவின் கல்லூரியில் அவர் காலத்திற் பயின்ற மற்றொருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா. அவரும் ஆங்கிலிக்கன் குடும்பத்துப் பிள்ளையே. இங்கிலாந்திற் படித்துத் திரும்பியபின் பௌத்தரானார். ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் அவ்வாறே. அவர்களின் உள்ளத்தை அளப்பது என் வேலையன்று. மெய்யாகவே புத்தர் பெருமானின் போதனை அவர்களை ஈர்த்திருக்கலாம். ஆனால் 1931இற் சர்வசன வாக்குரிமை வந்தபின், பெரும்பான்மையோரின் சமயத்தில் இருப்பது அரசியல்வாதிக்கு எத்துணை வசதி என்பதை எல்லோரும் அறிவர். செல்வநாயகமும் அதனை அறியாதவரல்லர். அவருக்கும் ஒரு கோயில் வாயில் திறந்தே இருந்தது. சைவரானால் ஊரே மாலை போட்டு வரவேற்றிருக்கும். அவரோ அப்பக்கம் போகவில்லை.

அதற்குரிய விலையையும் கொடுத்தார். 1947இற் காங்கேசன்துறைத் தொகுதியிற் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்று பாராளுமன்றம் சென்றவர், மலையகத் தமிழரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டதையொட்டிக் கட்சியுடன் முரண்பட்டு, 1949இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியை ஆரம்பித்தார். 1952இல் அவரை எதிர்த்து நின்றவர் சு. நடேசன், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், பரமேஸ்வராக் கல்லூரி அதிபராக இருந்தவர், சைவத் தமிழறிஞர். அத்தேர்தலில் அரசியலோடு சமயமும் பேசப்பட்டது என்பது எம் பெரியோர் வாய்மொழி. செல்வநாயகம் தோற்றார். தோல்விக்குப் பின்னும் அவர் தேவாலயத்துக்குப் போவதை விடவில்லை. 1956இல் அதே தொகுதியார் அவரையே மீண்டும் தெரிவு செய்தனர்.

மறு ஆண்டு பண்டாரநாயக்காவும் அவரும் ஓர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். ஒரே கல்லூரிப் பிள்ளைகள் இருவர், ஒருவர் பௌத்தராகவும் ஒருவர் கிறிஸ்தவராகவும் எதிரெதிரே அமர்ந்திருந்த அந்தக் காட்சியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அவ்வொப்பந்தம் 1958இலேயே கிழித்தெறியப்பட்ட கதை யாவரும் அறிந்ததே.

அவருடைய கிறிஸ்தவத்துக்கு மெய்யான சோதனை 1968இல் வந்தது. திருகோணமலைக் கோட்டைக்குள் உள்ள கோணேசர் கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அமைச்சர் மு. திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் டட்லி சேனநாயக்கா அதனை நிறுத்திவைக்கவே திருச்செல்வம் பதவி துறந்தார். பின்னர் கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஒரு சிவன் கோயிலை முன்னிட்டு அரசாங்கத்தைக் கைவிட்ட கட்சியின் தலைவர் ஒரு வேதக்காரர்!

அதே ஆண்டு அவருடைய தொகுதியிலேயே, மாவிட்டபுரத்தில், தாழ்த்தப்பட்டோர் ஆலயப் பிரவேசம் கோரி நின்றனர். எதிர்த்து வாயிலை மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம். தமிழரசுக் கட்சி அவ்வேளை போதிய துணிவு காட்டவில்லை என்று இடதுசாரிகள் குறை கூறினர். அக்குறையை முற்றாக மறுக்க என்னால் இயலவில்லை. வேற்றுச் சமயத்தவர் கோயில் வாயிலில் நின்று தீர்ப்புச் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்ற சங்கடம் விளங்குகிறது. ஆனால் வெயிலில் நின்றவர்களுக்கு அந்தச் சங்கடம் ஆறுதலாகாது. 1970இற் சுந்தரலிங்கம் காங்கேசன்துறையில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டார். கோயில் ஆசாரத்தைக் காக்க நின்ற சைவரை விட்டு, சைவ வாக்காளர் மீண்டும் வேதக்காரரையே தெரிந்தனர்.

1972ஆம் ஆண்டு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை வழங்கியது. அதனை ஏற்காது தம் ஆசனத்தைத் துறந்தார். நடுக்க நோயால் உடல் தளர்ந்து, குரலும் மெலிந்துபோன நிலையில் 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் நின்று, 25,927 வாக்குகள் பெற்றார். எதிர்த்தவர் பெற்றவை 9,457.

1977 ஏப்ரல் 26இற் காலமானார். புரட்டஸ்தாந்து குடும்பத்திற் பிறந்து, இறுதிவரை அச்சமயத்திலேயே வாழ்ந்த அவருடைய உடல் கல்லறையில் வைக்கப்படவில்லை. எம் முன்னோர் வழக்கப்படி யாழ்ப்பாணம் முற்றவெளியிலே தீயிலிடப்பட்டது. நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கின்றது.