கரும்புச் சக்கைத் தெருவுக்கு வந்த பினாங்கு இளைஞர்

எங்கள் வீடு பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறது. மாலையில் செனிபோங் கரையில் போய் நின்றால், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். ஜொகூர் பாருப் பிள்ளைகளுக்கு அந்த விளக்குகள் புதியவை அல்ல. நம் பெற்றோரில் எத்தனையோ பேர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடற்பாலத்தைக் கடந்து அங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். ஆகவே, சிங்கப்பூர் என்றதும் நமக்குச் சம்பளமும் நாணய மாற்று விகிதமும் நினைவுக்கு வரும். கலை நினைவுக்கு வருவதில்லை.

ஆனால், 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஓர் இளைஞர் இதே கடற்பாலத்தைப் பாட்டுக்காகக் கடந்து போனார். அப்போது அவருக்கு வயது 19. அவர் போய்ச் சேர்ந்தது ஒரு சிறிய தெரு. அந்தத் தெருவில் அவர் 16 ஆண்டுகள் உழைத்தார். இன்று நம் நாட்டில் அவர் பெயரில் சாலைகள் உண்டு, நினைவகமும் உண்டு. பெருநாள் என்றால் அவர் நடித்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றாவது தொலைக்காட்சியில் ஓடும். அவர்தான் பி. ரம்லி. நாமெல்லாம் அறிந்த அந்தக் கலைஞரின் வாழ்க்கையை, அந்த ஒரு தெருவை மையமாக வைத்துச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கில் தொடக்கம்

பி. ரம்லியின் இயற்பெயர் தெங்கு ஸக்கரியா. 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை தெங்கு ஞாக் பூத்தே சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து பினாங்கு வந்தவர். தாயார் சே மா, நீரிணைக்கு மறுகரையான பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். வசதியான குடும்பமல்ல. பிள்ளை மலாய்ப் பள்ளியில் தொடங்கி, பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பிறகு பினாங்கு பிரீ ஸ்கூலிலும் படித்தார். இடையில் ஜப்பானியர் ஆட்சி வந்து படிப்பைக் குலைத்தது.

படிப்பில் விட்டதை அவர் இசையில் பிடித்தார். உக்குலேலே, வயலின், பியானோ என்று கைக்குக் கிடைத்த கருவியையெல்லாம் கற்றுக்கொண்டார். போருக்குப் பின் நடந்த பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். உடனே வெற்றி கிடைக்கவில்லை. ஒரு முறை மூன்றாம் பரிசு, அடுத்த முறை இரண்டாம் பரிசு என்று படிப்படியாக ஏறி, 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகர் என்ற பட்டத்தைப் பெற்றார். பினாங்கு நாட்களிலேயே அவர் இயற்றிய பாடல்களுள் ஒன்று ‘அஸிஸா’. இந்தப் பாடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் மீண்டும் வரும்.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இருந்தார். இந்தியாவிலிருந்து வந்து, சிங்கப்பூரில் 1933ஆம் ஆண்டிலேயே ‘லைலா மஜ்னுன்’ என்ற மலாய்ப் படத்தை எடுத்த இயக்குநர் அவர். புது முகங்களைத் தேடி வடக்கே வந்திருந்தவர், அந்த இளைஞரைச் சிங்கப்பூருக்கு வரச் சொன்னார்.

அவசரகாலத்தில் ஓர் இரயில் பயணம்

அது சாதாரணக் காலமல்ல. 1948 ஜூன் மாதத்தில்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. தோட்டப்புறங்களிலும் காட்டோரங்களிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நேரம். பாட்டுப் பாடிப் பிழைக்கலாம் என்று ஒரு பையன் வீட்டை விட்டுக் கிளம்பினால், எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது? அப்படிப்பட்ட வேளையில் அவர் பினாங்கிலிருந்து கடல் கடந்து, இரயிலேறித் தெற்கே பயணமானார். தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் கடந்து, நம் ஜொகூர் பாரு வழியாகக் கடற்பாலத்தில் ஏறி, சிங்கப்பூருக்குப் போகும் பாதை அது. மலாயாவில் படம் எடுக்க வேண்டும், படத்தில் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு அன்று வேறு ஊர் இல்லை.

ஜாலான் அம்பாஸ் என்னும் கலைத்தெரு

சிங்கப்பூரின் பாலஸ்டியர் சாலையிலிருந்து பிரியும் சிறிய தெரு, ஜாலான் அம்பாஸ். அம்பாஸ் என்ற மலாய்ச் சொல்லுக்குச் சக்கை என்று பொருள். 1830களில் அமெரிக்கத் தூதர் ஜோசப் பாலஸ்டியர் அந்த வட்டாரத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். அந்தக் கரும்பின் சக்கைதான் தெருவின் பெயரில் தங்கிவிட்டது என்பர்.

அந்தத் தெருவில்தான் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோ 1947இல் மலாய்ப் படங்களை எடுக்கத் தொடங்கியது. முதலாளிகள் சீனர்கள். இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நடிகர்களில் பலர் பாங்சாவான் நாடக மேடைகளிலிருந்து வந்த மலாய்க்காரர்கள். நடிகர்களும் தொழிலாளர்களும் ஸ்டூடியோவை ஒட்டிய வீடுகளிலேயே குடியிருந்தார்கள். காலையில் அரசராக வேடம் போட்டவர் மாலையில் அதே தெருக் கடையில் கோப்பி குடிப்பார். பாட்டு எழுதுபவரும் மெட்டமைப்பவரும் பாடுபவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். நமக்குக் கோடம்பாக்கம் எப்படியோ, மலாய்ப் படவுலகுக்கு ஜாலான் அம்பாஸ் அப்படி.

பினாங்கிலிருந்து வந்த இளைஞரை இந்தத் தெரு மாலை போட்டு வரவேற்கவில்லை. அவர் கதாநாயகனுக்கு ஏற்ற முகம் இல்லாதவர் என்று கருதப்பட்டார். முகத்திலிருந்த பருத் தழும்புகளே அதற்குக் காரணம் என்று சொல்வதுண்டு. 1948இல் வெளிவந்த ‘சிந்தா’ படத்தில் கதாநாயகன் ரூமாய் நூர். திரையில் வாயசைத்தவர் அவர். பின்னணியில் பாடியவர் பி. ரம்லி. அதோடு ஒரு சிறிய வில்லன் வேடமும் அவருக்குக் கிடைத்தது. பாட வந்தவர் பாடினார். ஆனால் பாடும் முகம் வேறொருவருடையது.

நம்மில் பலர் இந்த இடத்தில் ஊருக்குத் திரும்பும் இரயிலைத் தேடியிருப்போம். அவர் தங்கிவிட்டார். கொடுத்த சிறு வேடங்களை ஏற்றார். படப்பிடிப்புத் தளத்தில் உதவி வேலைகளையும் செய்தார். ஒளிப்பதிவு எப்படி நடக்கிறது, காட்சிகளை எப்படிப் பிரிக்கிறார்கள், பாட்டுக்கும் கதைக்கும் எப்படி முடிச்சுப் போடுகிறார்கள் என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தார். படக்கல்லூரி எதுவும் இல்லாத நாட்டில் அந்தத் தெருவே அவருக்குக் கல்லூரியாயிற்று.

நம்மவர் பங்கு

அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பது நம் தலைமுறையில் பலருக்குத் தெரியாது. பி. ரம்லிக்கு முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கொடுத்தவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். படம், 1950இல் வந்த ‘பக்தி’. கிருஷ்ணனும் பினாங்கில் வளர்ந்தவர். மலாய் மொழி நன்கு அறிந்தவர். மற்றவர்கள் குறையாகப் பார்த்த முகத்தில் அவர் ஒரு நடிகரைப் பார்த்தார்.

பி. என். ராவ் என்ற இயக்குநர் சிங்கப்பூருக்கு வருமுன் ‘சாலிவாகனன்’ (1945) முதலிய தமிழ்ப் படங்களை இயக்கியவர். அவர் 1953இல் ‘ஹூஜான் பானாஸ்’ படத்தில் பி. ரம்லியை நடிக்க வைத்தார். எஸ். ராமநாதனும் அதே ஸ்டூடியோவில் பல படங்களை இயக்கினார். வங்காளத்தைச் சேர்ந்த பணி மஜும்தார் ‘ஹங் துவா’ (1956), ‘அனாக்கு ஸஸாலி’ (1956) ஆகிய படங்களைத் தந்தார். பின்னதில் தந்தையாகவும் மகனாகவும் நடித்த பி. ரம்லி, 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தேர்வு பெற்றார்.

இதைச் சொல்வதால், பி. ரம்லியை உருவாக்கியது நாம்தான் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களில் பலருக்கு மலாய் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் வேலை நடந்தது. கதைகளும் இந்தியப் படச் சாயலிலேயே அமைந்தன. மலாய்க் கம்பத்து வாழ்க்கையை உள்ளிருந்து சொல்ல, அந்த மண்ணின் பிள்ளை ஒருவர் தேவைப்பட்டார். கற்றுக் கொடுத்தவர்களின் கைத்தொழிலை எடுத்துக்கொண்டு தம் மக்களின் கதையைச் சொன்னதுதான் பி. ரம்லியின் சாதனை.

தெருவையே படமாக்கியவர்

1955இல் அவர் முதன்முதலாக இயக்கிய படம் ‘பெனாரிக் பேச்சா’. ஏழை ரிக்‌ஷாக்காரர் ஒருவர் பணக்காரர் மகளை விரும்பும் கதை. கதாநாயகியின் பெயர் அஸிஸா. பினாங்கில் இயற்றிய அந்தப் பழைய பாடலை அவர் இந்தப் படத்தில் பாடினார். இம்முறை குரலும் அவருடையது, முகமும் அவருடையது, படமும் அவருடையது. சிங்கப்பூர் வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன்பின் ‘பூஜாங் லாப்போக்’ (1957), ‘நுஜும் பா பெலாலாங்’ (1959), ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ (1960), ‘இபு மெர்துவாக்கு’ (1962) என்று வரிசையாக வந்தன. இவற்றுள் நம் கட்டுரைக்கு மிக நெருக்கமானது ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ (1961). வாடகை அறைகளில் காலம் தள்ளும் மூன்று பிரமச்சாரிகள் நடிகராகும் ஆசையோடு ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் படும் பாடுதான் நகைச்சுவை. எஸ். ஷம்சுதீனும் அஸிஸ் சத்தாரும் அவரோடு நடித்தார்கள். தாம் வேலை செய்த ஸ்டூடியோவையே பி. ரம்லி அதில் காட்டினார். வாய்ப்புத் தேடி வருபவனின் கூச்சத்தையும் பயத்தையும் பட்டவர்தான் அப்படிச் சிரிக்கவைக்க முடியும். அந்தத் தெருவைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தாலே போதும்.

அந்தத் தெரு சொர்க்கமும் அல்ல. ஊதியம் போதவில்லை, பணி நிலைமை சரியில்லை என்று 1957இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புகழின் உச்சியில் இருந்த பி. ரம்லியும் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். சேர்ந்து குடியிருந்தவர்கள் சேர்ந்தே போராடினார்கள்.

தெருவைப் பிரிந்தபின்

1960களில் காற்று திசை மாறியது. 1963இல் சிங்கப்பூருக்குத் தொலைக்காட்சி வந்தது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. வெளிநாட்டு வண்ணப் படங்களுக்கு முன் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுபடவில்லை. 1964இல் பி. ரம்லி கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்து, உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். ஜாலான் அம்பாஸில் 1967இல் படத்தயாரிப்பு நின்றது.

கோலாலம்பூரில் அவர் 18 படங்களை இயக்கினார். மனிதர் அதே மனிதர்தான், திறமையும் போய்விடவில்லை. ஆனால் சுற்றிலும் அந்தத் தெரு இல்லை. கருவிகளும் வசதிகளும் குறைவு. பழைய தோழர்களில் பலர் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார்கள். முன்பு அவருக்காகத் திரண்ட கூட்டம் வண்ணப் படங்களின் பக்கம் போய்விட்டது. கடைசிப் படம் ‘லக்சமானா டோ ரே மி’ 1972இல் வந்தது. மறு ஆண்டு மே 29ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 44.

மறைந்த பிறகுதான் மரியாதைகள் வரிசையாக வந்தன. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பாரி அவர் பெயரைப் பெற்றது. அவர் வாழ்ந்த செத்தாப்பாக் வீடு 1986இல் நினைவகமாயிற்று. 1990இல் டான்ஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இருந்தபோது தோள் கொடுக்க ஆளில்லாமல் தவித்த கலைஞருக்கு, இறந்தபின் சாலையே கிடைத்தது.

நிறைவாக

பி. ரம்லியைப் பிறவி மேதை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவர் மேதைதான். ஆனால் அவர் வாழ்க்கையை அந்தத் தெருவோடு சேர்த்துப் படிக்கும்போது வேறோர் உண்மையும் தெரிகிறது. முகம் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டவரை முழுக் கலைஞராக்கியது, பல இனத்தாரும் பல மொழியினரும் கூடி உழைத்த ஓர் அக்கம்பக்கம். அது கலைந்த பிறகு, மேதையால்கூடத் தனியாக அதே உயரத்தில் நிற்க முடியவில்லை.

இவ்வாண்டு முதன்முறையாக வீட்டை விட்டுப் பல்கலைக்கழக விடுதிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே! சிலருக்கு மேடை உடனே கிடைத்திருக்கும். பலருக்குத் திரைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் வேலைதான் கிடைத்திருக்கும். அந்த வேலையைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நம் தமிழ்மொழிக் கழகமும் ஒரு சிறிய தெருதான். எழுதுகிறவரும் பாடுகிறவரும் ஒப்பனை செய்கிறவரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடம் படிப்பு முடிந்தபின் எளிதில் வாய்க்காது. இதைச் சொல்லும் நானும் அதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

இன்றும் செனிபோங் கரையில் நின்று அக்கரை விளக்குகளைப் பார்க்கிறேன். அவற்றுக்கு அப்பால், கரும்புச் சக்கையின் பெயரைத் தாங்கிய அந்தச் சிறிய தெரு நினைவுக்கு வருகிறது. பத்தொன்பது வயதில் அங்கே போய், வேறொருவர் முகத்துக்குப் பாடிய அந்தப் பினாங்குப் பிள்ளையும் நினைவுக்கு வருகிறார்.