பஸ்ஸைத் தானே ஓட்டிய முதலாளி: மேம்பாலத்தில் பெயர் இருக்கும் ஜி.டி. நாயுடு யார்?

திருமுருகன்பூண்டியிலிருந்து கோவைக்கு வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இப்போ ஒரு சௌகரியம் இருக்கு. கோல்டுவின்ஸ் பக்கம் மேம்பாலத்தில் ஏறினால், சிக்னலே இல்லாமல் உப்பிலிபாளையம் வரை போய்விடலாம். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த 10.1 கி.மீ. பாலத்துக்கு ஜி.டி. நாயுடு என்று பெயர். பலருக்கும் அவர் ஒரு விஞ்ஞானி என்ற அளவில்தான் தெரியும். ஆனால் அவருடைய கதை தொடங்கியது மோட்டார் வண்டியில். நடுவில் அது திருப்பூர் வழியாகவும் போகுது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை, ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டார். ஊர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரியைப் பார்த்ததுதான் திருப்பம். மாடோ குதிரையோ இல்லாமல் ஒரு வண்டி எப்படி ஓடும் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்து, பணம் சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் ஊர் சுற்றவில்லை. மொத்தமாகக் கழற்றிப் போட்டு, திரும்பவும் மாட்டினார். அவருக்கு அதுதான் மெக்கானிக் படிப்பு.

திருப்பூரில் வந்தது, பம்பாயில் போனது

பனியன் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் திருப்பூர் என்றால் பருத்திதான். முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல விலை. நாயுடு இங்கே பஞ்சு அரைக்கும் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போனவர், பெரிய வியாபாரிகளோடு மோதி எல்லாவற்றையும் இழந்து திரும்பினார். ஷேர் மார்க்கெட்டில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

கையில் மிஞ்சியது வண்டி பற்றிய அறிவு மட்டும்தான். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுக்க, கடனில் ஒரு பஸ் வாங்கினார். 1920-ல் பொள்ளாச்சி – பழனி இடையே அது ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் சாட்சாத் முதலாளியேதான்.

அந்த பஸ்ஸை நிறுத்துவது எப்படி?

இங்கே கொஞ்சம் நிற்கலாம். 1920-களின் தொடக்கத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், அதுவும் கம்பியும் நெம்புகோலும் வைத்து இழுப்பது. ஆயில் அழுத்தத்தில் நான்கு சக்கரத்தையும் பிடிக்கும் பிரேக்கோடு டூசன்பர்க் கார் அமெரிக்காவில் வந்ததே 1921-ல்தான். கியரும் இன்றைய மாதிரி வழுக்கிக்கொண்டு விழாது. கீழ் கியருக்கு வர கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட வேண்டும். கணக்கு தப்பினால் பல்சக்கரம் கரகரவென்று கத்தும். அதனால் இறக்கத்தில் ஓட்டுநரின் நம்பிக்கை பிரேக்கைவிட எஞ்சின் மேல்தான் அதிகம்.

இதன் வேலை எளிது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரத்தை ஓட்டுவதில்லை, சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. உள்ளே காற்றை இழுக்கவும் உராய்வைத் தாண்டவும் செலவாகும் சக்தி வண்டியின் வேகத்திலிருந்து கழிகிறது. கியர் குறையக் குறைய எஞ்சின் அதிகமாகச் சுற்றும், பிடிப்பும் கூடும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் மூடி பொதுவாக இல்லாததால் இந்தப் பிடிப்பு குறைவு. அதனால்தான் கனரக லாரி, பஸ்களில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள்.

நூறு வருஷம் கழித்தும் இது பழசாகவில்லை. அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக வீக்கெண்டுக்கு ஊட்டி ஏறுகிறவர்கள், இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரில் வரச் சொல்லும் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் உயிர்கள் போயிருக்கின்றன. தொடர்ந்து மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஏபிஎஸ் இதற்கு உதவாது.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்பதும் இன்றைய ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்குப் பொருந்தாது. கியரில் இருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கணினியே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும். ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் மோடு அல்லது எல் நிலை இதற்காகவே இருக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் ஜாக்கிரதை: வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபடும், எஞ்சின் பிடிப்பே இருக்காது.

பஸ்ஸிலிருந்து மோட்டார் வரை

நாயுடுவின் ஒரு பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. டிக்கெட் இயந்திரம், எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவி எனத் தொழிலுக்குத் தேவையானதை அவரே உருவாக்கினார். 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து பீளமேட்டில் தயாரித்த மின் மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டாராகச் சொல்லப்படுகிறது. கொங்கு மண்டலத்துக் கிணறுகளில் ஓடும் பம்ப் செட்டுகளின் கதையும் இந்த ஊரிலிருந்துதான் வளர்ந்தது.

1945-ல் அவர் முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி வந்தது. இன்றைய ஜிசிடி அதன் வழியில் வந்ததுதான். நாலு வருஷப் படிப்பை இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார். விட்டுக்கொடுத்துப் போகிற சுபாவம் அவருக்கு இல்லை. அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

நஷ்டத்தில் பெரியது கார்தான். 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்குத் தர முடியும் என்று தயாராக நின்றார். உரிமம் கிடைக்கவில்லை, திட்டம் அப்படியே நின்றது. 1974 ஜனவரி 4-ல் நாயுடு இறந்தார். நடுத்தரக் குடும்பங்களின் சின்ன காரான மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில்.